உரத்து வாசித்த பாடங்கள்

மகன்,

திங்கட்கிழமை நீ கொழும்புக்குப் போகிறாய். அடுத்த அறையில் உன் அப்பா உன் பெட்டியின் பிணைச்சலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கிறார். நான் குசினி வாசலில் கதிரையைப் போட்டு இதை எழுதுகிறேன். ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். நேரில் சொல்லத் தொடங்கினால் பாதியில் சிரித்து, "சரி அம்மா, சரி" என்று எழும்பிவிடுவாய். ரயிலில் அப்படி எழும்பிப் போக இடமில்லை. வவுனியா தாண்டும்வரை இதை வைத்து ஆறுதலாக வாசி.

போன கிழமை காரைநகருக்குப் போய்விட்டு ஊர்காவற்றுறைத் துறையில் வள்ளத்தால் இறங்கினேன். நீ உன் கூட்டாளியோடு தேத்தண்ணிக் கடை வாசலில் நின்றாய். நீ என்னைக் கவனிக்கவில்லை. புதிய பல்கலைக்கழகத்தில் உனக்குக் கிடைத்த வேலையைப் பற்றி அவன் கேட்டிருக்க வேண்டும். நீ சொன்னது மட்டும் என் காதில் விழுந்தது. "உது கம்பஸ் இல்லையடா. தபாலில பாடம் அனுப்புற இடம். எடுபடாத சனத்துக்கு. உண்மையான யூனிவேர்சிற்றி ஒண்டு கூப்பிடுமட்டும் இருப்பம்." நான் மற்றப் பக்கத்தால் நடந்து பஸ்ஸில் ஏறிவிட்டேன். கோபம் வரவில்லை. கணிதத்தில் முதல் வகுப்பு எடுத்தவன் நீ, உன்னோடு எடுத்தவர்கள் எல்லாம் வெளிநாடு போகும்போது உனக்கு ஒரு மனக்குறை இருக்கத்தான் செய்யும். ஆனால் 'எடுபடாத சனம்' என்று சொன்னாயே, அந்தச் சனத்தில் ஒருத்தி உன்னைப் பெற்றவள். அது உனக்குத் தெரியாததல்ல. உன் அம்மா பல்கலைக்கழகத்துக்குப் போகாமலே வெளிவாரியாகப் பட்டம் எடுத்தவள் என்று நீயே பெருமையாகச் சொல்லியிருக்கிறாய். எப்படி எடுத்தாள், யார் யார் கொடுத்து எடுத்தாள் என்பதை நான் உனக்கு ஒழுங்காகச் சொன்னதே இல்லை. இப்போது சொல்கிறேன்.

ஐம்பத்தாறில் சிங்களம் மட்டும் என்ற மொழிச் சட்டம் வந்தபோது உன் அப்பா கொழும்பில் ஒரு கந்தோரில் கிளாக்கர். நல்ல ஆங்கிலம், நல்ல கையெழுத்து, மேலதிகாரிகளுக்கு வேண்டியவர். சிங்களத்தில் சோதனை எழுதிச் சித்தியடைந்தால் உத்தியோகத்தில் ஏறலாம், இல்லையென்றால் இருந்த இடத்திலேயே இருக்கவேண்டும், அல்லது ஓய்வெடுத்துக்கொண்டு போகலாம் என்றார்கள். அவருக்குப் படிக்க ஏலாமல் இல்லை. கட்டாயத்துக்காகப் படிக்க மனம் வரவில்லை. சில வருடம் இழுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் பெட்டியோடு ஊருக்கு, நாரந்தனைக்கு, வந்து இறங்கினார். நீ அப்போது நடை பழகி ஓடத் தொடங்கியிருந்தாய். வந்தவர் ஊரில் ஒருவரோடும் கதைக்கவில்லை. விடிந்தால் கிணற்றடி, பிறகு புகையிலைத் தோட்டம், பிறகு சாப்பாடு. பத்திரிகை வந்தால் மடித்தது மடித்தபடி கிடக்கும். இளம் வயதில் ஒரு மனிதன் தன் வீட்டுக்குள்ளேயே விருந்தாளிபோல் இருப்பதைப் பார்ப்பது எவ்வளவு பாரம் என்று உனக்குத் தெரியாது. நான் எஸ்.எஸ்.சி. என்ற பத்தாம் வகுப்புச் சோதனையில் சித்தியடைந்தவுடன் கல்யாணம் கட்டியவள். ஏதாவது படித்து ஒரு ஆசிரியர் வேலை எடுத்தால் என்ன என்று உள்ளுக்குள் ஒரு எண்ணம். ஆனால் யாரிடம் படிப்பது? பட்டணத்து வகுப்புகளுக்குப் பிள்ளையோடு போய்வர ஏலாது. பல்கலைக்கழகம் என்பது பேராதனையில் ஆற்றங்கரையில் இருக்கிற ஒரு படம், அவ்வளவுதான் எனக்கு.

ஒருநாள் உனக்கு இருமல் என்று ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். மருந்து எடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் கரைப்பக்கம் மீன் பார்க்கப் போனேன். அங்கே ஒரு தாய் பாயில் கருவாடு பரப்பிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய மகள், ஒரு கையால் மீனைப் பிரட்டிப் போட்டபடி, மடியில் விரித்த கொப்பியைப் பார்த்து உரத்து வாசித்துக்கொண்டிருந்தாள். நான் தாயிடம் பாரை மீன் என்ன விலை என்று கேட்டேன். அந்த நேரம் பார்த்து அவள் வாசித்தாள்: "கேள்வி கூடினால் விலை கூடும்." எனக்குத் திடுக்கிட்டது. நான் விலை கேட்டதுதான் பிழையோ என்று வாயை மூடிக்கொண்டேன். அவள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். பொருளியலில் ஒரு பொருளை வேண்டி நிற்பதைத்தான் கேள்வி என்கிறது என்று விளங்கப்படுத்தினாள். அதுதான் பிலோமினா. சவிரிமுத்து என்ற கடற்றொழிலாளியின் மூத்த மகள். அந்தக் கரையிலிருந்து முதல்முதல் பேராதனைக்குப் போனவள், விடுமுறைக்கு வந்திருந்தாள். உரத்து வாசித்தால்தான் தனக்கு மனதில் நிற்கும் என்றாள்.

நான் அங்கேயே குந்திவிட்டேன். கேள்விக்குப் பிறகு நிரம்பல், அதாவது விற்க வருகிற அளவு, வந்தது. அதிகம் மீன் பட்ட நாளில் ஏன் விலை விழுகிறது என்பது வந்தது. நான் சின்ன வயதிலிருந்து கண்ணால் கண்டதையெல்லாம் யாரோ ஒழுங்காக அடுக்கித் தருவதுபோல் இருந்தது. பஸ் போய்விட்டது. நீ என் தோளில் நித்திரையாகிவிட்டாய். போகும்போது கேட்டேன்.

"நாளைக்கும் வாசிப்பீரோ?"

"ஓம் அக்கா. லீவு முடியுமட்டும் வாசிக்கத்தானே வேணும்."

"நான் வந்திருந்து கேக்கலாமோ?"

"கேக்கிறதுக்கு என்ன? ஒருவர் கேட்டாலும் பத்துப்பேர் கேட்டாலும் எனக்கு ஒரு தொண்டைதானே."

மகன், நான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தது அன்றைக்குத்தான். அனுமதி தந்தவள் அவள். என்னை அவள் யார் என்று கேட்கவில்லை, என்ன படித்தனீர் என்று கேட்கவில்லை. நீ பல்கலைக்கழகப் புகுமுகச் சோதனைக்குப் படித்த காலத்தில் வெட்டுப்புள்ளிக்கும் மொழி பார்த்துப் புள்ளியை மாற்றிய தரப்படுத்தலுக்கும் இடையில் எத்தனை பிள்ளைகள் நசிந்தார்கள் என்று உனக்குத் தெரியும். உனக்குக் கணக்குச் சொல்லித் தந்த உன் கூட்டாளிக்கே இடம் கிடைக்கவில்லை. அவனை நீ எடுபடாதவன் என்று சொல்வாயா? வாசல் ஒடுக்கமாக இருந்தால் வெளியே நிற்கிறவன் மொக்கன் என்று அர்த்தமில்லை.

நான் போகத் தொடங்கியதும் இன்னும் சிலர் வந்தார்கள். இரண்டு உதவி ஆசிரியர்கள், தபால் கந்தோரில் வேலைசெய்த ஒருவர். வெயில் ஏறினால் கரையில் இருக்க ஏலாது. இதைக் கேள்விப்பட்ட என் பெரியப்பா, தன் வீட்டு விறாந்தையில் வந்து படிக்கச் சொன்னார். உனக்கு அவரை ஞாபகம் இருக்கும், வெள்ளை மேல்துண்டோடு சாய்மனைக் கதிரையில் இருப்பார். அவர் கெட்ட மனிதர் அல்லர். பெண்பிள்ளைக்குப் படிப்பெதற்கு என்று வீட்டில் எல்லோரும் சொன்னபோது என்னை எஸ்.எஸ்.சி. வரை படிக்க விட்டவர் அவர்தான். கம்பஸ் பிள்ளை ஒருத்தி தன் வீட்டில் வந்து பாடம் வாசிப்பது அவருக்குப் பெருமை. கரையூர்ப் பிள்ளை என்றாலும் பிலோமினாவுக்குக் கதிரை போட்டுக் கொடுத்தார். எங்களுக்கு இருக்க இரண்டு நீள வாங்கு.

அடுத்த விடுமுறையில் பிலோமினா தன்னோடு கன்னியர் பாடசாலையில் படித்த கமலாவைக் கூட்டிவந்தாள். கமலாவின் தகப்பன் கள்ளுச் சீவுகிறவர். எஸ்.எஸ்.சி.யில் என்னைவிட நல்ல பெறுபேறு எடுத்துவிட்டு, வீட்டில் பனையோலைப் பெட்டி இழைத்துக்கொண்டிருந்தாள். வந்தவள் வாங்கின் ஓரத்தில், என் பக்கத்தில் இருந்தாள். பாடம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பெரியப்பா உள்ளிருந்து ஒரு பாயைக் கொண்டுவந்து நிலத்தில் விரித்தார். சத்தம் போடவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

"உந்தப் பிள்ளை பாயில இருக்கட்டும். இருந்து படிக்கிறதுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை."

கமலா உடனே எழும்பினாள். சாதியைச் சொல்லிப் பாடசாலையிலும் பல வருடம் நிலத்தில் இருத்தப்பட்டவள், அது அவளுக்குப் புதிதல்ல. பிலோமினா கொப்பியை மூடினாள். கதிரையை விட்டு எழும்பி நின்று கேட்டாள்.

"அப்ப நான் எங்க இருக்கிறது எண்டும் சொல்லுங்கோ, ஐயா. எனக்குப் பாயோ, கதிரையோ?"

பெரியப்பா மேல்துண்டை இழுத்துத் தோளில் சரிசெய்தார். ஒரு பக்கம் என்னைத் தூக்கி வளர்த்த மனிதர். மறுபக்கம் நான் கண்ட ஒரே படிப்பு. நான் எழும்பிக் கமலாவின் கையைப் பிடித்தேன், ஆனால் அடுத்த அடி எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அப்போது வெளிவாசல் படலைக்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. என்னைக் கூட்டிப்போக வந்து, வழக்கம்போல் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வெளியே நின்ற உன் அப்பா.

"எங்கட வீட்டில இடமிருக்கு. எல்லாரும் வாங்கோ."

ஊருக்கு வந்தபிறகு நாலுபேர் கேட்க அவர் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். நாங்கள் பின்னால் நடந்தோம். எங்கள் வீட்டில் வாங்கும் இல்லை, போதிய கதிரையும் இல்லை. எல்லோரும் நிலத்தில் இருந்தோம், பிலோமினாவும்தான். விட்ட இடத்திலிருந்து வாசித்தாள்.

அதற்கு நாங்கள் கொடுத்த விலை சின்னதல்ல. சொந்தக்காரர் வரத்துப்போக்கை நிறுத்தினார்கள். கல்யாணத்துக்குச் சொல்லவில்லை, செத்தவீட்டுக்குப் போனால் முகத்தைத் திருப்பினார்கள். அந்த வருடம் விஜயதசமிக்கு உனக்கு ஏடு தொடக்க வேண்டும். பெரியப்பாதான் எங்கள் குடும்பத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் கைபிடித்துத் தொடக்குகிறவர். வரவில்லை. கேட்ட வேறு இருவரும் சாட்டுச் சொன்னார்கள். உன்னைக் குளிப்பாட்டிப் புதுவேட்டி கட்டி இருத்திவிட்டேன், தாம்பாளத்தில் அரிசி பரப்பியாயிற்று, ஆளில்லை. கொப்பி பிரதி பண்ண வந்திருந்த கமலாவைப் பார்த்து உன் அப்பா, "நீர் தொடக்கிவிடும், பிள்ளை" என்றார். அவள் பின்வாங்கினாள். "வேண்டாம் அண்ணை, பிறகு உங்களுக்குத்தான் கரைச்சல்" என்றாள். "இனி வாறதுக்கு என்ன கரைச்சல் மிச்சமிருக்கு?" என்றார் அவர். அவள் கையைக் கழுவித் துடைத்துவிட்டு உன்னை மடியில் இருத்தி, உன் விரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுதினாள். நீ விரலை இழுத்து அரிசியை வாயில் போட்டாய். எல்லோரும் சிரித்தோம். பல நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு அது.

விடுமுறை முடிந்து பிலோமினா போய்விட்டால் என்ன செய்வது என்று பயந்தேன். அதற்கும் அவள் வழி கண்டுபிடித்தாள். விரிவுரையில் எழுதும்போதே காபன் தாள் வைத்து எழுதுவாள், அடிப்பிரதி எங்களுக்குத் தபாலில் வரும். அதைக் கமலா மணிமணியான எழுத்தில் பிரதி பண்ண, நாங்கள் ஆளுக்கு ஒன்றாகப் பங்கிட்டுக்கொள்வோம். ஆனால் வாசிக்கச் சொல்லி வருகிற புத்தகம் முழுக்க ஆங்கிலம். படிப்பிப்பது தமிழில், புத்தகம் ஆங்கிலத்தில், அந்தக் காலத்துக் கோலம் அது. பிலோமினாவுக்கே தட்டுத் தடுமாறித்தான் வாசிக்க வந்தது. ஒருநாள் நான் அகராதியை வைத்து ஒரு பக்கத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். உன் அப்பா தோட்டத்தால் வந்தவர், மண் கையோடு என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து ஒரு வசனத்தைத் தமிழில் சொன்னார். பிறகு அடுத்ததையும் சொன்னார். கையைக் கழுவிவிட்டு வந்து பக்கத்தில் இருந்தார்.

அந்தக் கிழமையே பட்டணத்து நூலகத்துக்குப் போய் அங்கத்தவராகச் சேர்ந்தார். சனிக்கிழமைகளில் முதல் பஸ்ஸில் போய், பண்ணைப் பாலம் தாண்டி, பையில் புத்தகங்களோடு மத்தியானம் வருவார். ஒரு பந்தியைத் தனக்குள் வாசிப்பார், கண்ணை மூடுவார், பிறகு தமிழில் சொல்வார். முதல்நாள் சொல் ஒவ்வொன்றாகத்தான் வந்தது. போகப்போக எங்களோடு சண்டை பிடிக்கத் தொடங்கினார். இந்தச் சொல்லுக்கு அந்தத் தமிழ் பொருந்தாது, இன்னொன்று பார் என்று. அவருடைய ஆங்கிலம் இனி வேண்டாம் என்று நாட்டில் சொல்லிவிட்டார்கள். நாலைந்து பேர் நிலத்தில் இருந்து அது வேண்டும் என்றார்கள். ஒரு மனிதனுக்கு உயிர் திரும்புவதை நான் கண்ணால் கண்டேன். நான் ஆசிரியை ஆனதற்கு நன்றி சொல்வதைவிட, உன் அப்பா எனக்குத் திரும்பக் கிடைத்ததற்குத்தான் அந்தப் படிப்புக்கு அதிகம் நன்றி சொல்கிறேன்.

இனி நான் சொல்லப் போவதை, விரிவுரையாளனாகப் போகிற நீ கவனமாக வாசி. பிலோமினாவின் பொருளியல் விரிவுரையாளர் ஒருநாள் அவளுடைய காபன் தாளைக் கண்டுவிட்டார். இரண்டாவது பிரதி யாருக்கு என்று கேட்டார். தன் விரிவுரையை அனுமதி இல்லாமல் வெளியே கொடுத்தது பிழை என்று ஏசப்போகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். எழும்பி நின்று உண்மையைச் சொன்னாள். ஊர்காவற்றுறைப் பக்கம் ஒரு வீட்டில் சிலர் இதை வைத்துப் படிக்கிறார்கள், அவர்களால் இங்கே வரமுடியாது என்று. அவர் பாடத்தைத் தொடர்ந்தார். அடுத்த நாள் கடினமான ஒரு இடத்தை முடித்துவிட்டு, சோக்கட்டியை மேசையில் வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "பிள்ளை, இது ஊர்காவற்றுறைக்கு விளங்குமோ?" மண்டபம் முழுக்கச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை, பதிலுக்குக் காத்து நின்றார். பிலோமினா யோசித்துவிட்டு, "விளங்காது, சேர்" என்றாள். அவர் கரும்பலகையை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். அதற்குப் பிறகு அந்த வருடம் முழுக்க, கடினமான இடம் வரும்போதெல்லாம் அதே கேள்வியைக் கேட்டாராம். போகப்போக ஒருவரும் சிரிக்கவில்லை. தங்களுக்கு விளங்காததைத் தாங்கள் கேட்க வெட்கப்பட்ட பிள்ளைகள், "ஊர்காவற்றுறைக்கு விளங்காதாம் எண்டு சொல்லும்" என்று பிலோமினாவின் காதில் ஓதுவார்களாம்.

எங்கள் கேள்விகளையும் அவள் மூலம் அனுப்பினோம். மீன் கூடப் பட்டாலும் குறையப் பட்டாலும் கடைசியில் மீன் பிடிக்கிறவன் ஏன் ஏழையாகவே இருக்கிறான் என்று நான் எழுதிக் கேட்டேன். ஓரத்தில் அவர் கையெழுத்தில் நீளமாகப் பதில் வந்தது. வள்ளமும் வலையும் வைத்திருக்கிற சம்மாட்டி, கடன், பனிக்கட்டி இல்லாத கரை என்று பலதும் எழுதிவிட்டு, "இதற்கு முழுப் பதில் எனக்கும் தெரியாது, நீங்களும் யோசியுங்கள்" என்று முடித்திருந்தார். ஒரு பல்கலைக்கழகத்து மனிதர் எனக்குத் தெரியாது என்று என்னிடம் சொன்னார் என்பதையே நான் பல நாள் நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டேன். நீ எழுதும் பாடத்திலும் உனக்குத் தெரியாத இடம் வந்தால் தெரியாது என்று எழுது. வாசிக்கிறவருக்கு அதனால் உன்மேல் மதிப்புக் குறையாது.

பிலோமினா பட்டம் எடுத்து வந்ததும் காசுக்கு வகுப்பு நடத்தும் பட்டணத்து ரியூட்டறி ஒன்றின் சொந்தக்காரர் அவளைத் தேடி வந்தார். வேலை தருவதாகவும், அவளுடைய குறிப்புகளை அச்சடித்துத் தங்கள் மாணவர்களுக்கு மட்டும் கொடுப்பதாகவும், இனி வேறு ஒருவருக்கும் கொடுக்கக் கூடாது என்றும் சொன்னார். வேலை இல்லாமல் இருந்த நேரம் அது, வீட்டில் கீழே நாலு தங்கைகள். அவள் சொன்ன பதிலை அவளே வந்து எங்களுக்குச் சொன்னாள். "ஐயா, எங்கட அப்பா மீனை விப்பார். கடலை விக்கமாட்டார்." நான் அவளிடம் கேட்டேன், வேலையாவது எடுத்திருக்கலாமே என்று. வேலை வேறு எங்கேயும் கிடைக்கும் என்றாள். கிடைக்க இரண்டு வருடம் எடுத்தது. அந்த இரண்டு வருடமும் கருவாடு பிரட்டினாள், எங்களுக்குப் பாடமும் சொன்னாள்.

நானும் கமலாவும் முதலில் உயர்தரம் எழுதினோம், பிறகு வெளிவாரிப் பட்டத்துக்குப் பதிந்தோம். கமலா எடுத்த எடுப்பில் சித்தியடைந்தாள். நான் ஒரு பாடத்தில் தவறினேன். கமலா தன் ஆசிரியர் நியமனத்துக்குப் போக வேண்டிய நாள்வரை தினமும் வந்து, தான் படித்து முடித்த பாடத்தை என்னோடு மறுபடி முதலிலிருந்து படித்தாள். உன் அப்பா சமைத்தார். நீ உப்பில்லாத சொதியைக் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பள்ளிக்கூடம் போனாய். அடுத்த தடவை நான் சித்தியடைந்தேன். இடையில் ஒன்று நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஒருநாள் பெரியப்பா வீட்டுப் பேத்தி கொப்பியோடு எங்கள் படலையில் வந்து நின்றாள். "தாத்தாதான் போகச் சொன்னவர்" என்றாள். வேறு ஒரு செய்தியும் சொல்லி அனுப்பவில்லை அவர். கமலா நகர்ந்து பாயில் இடம் கொடுத்தாள். அதற்குப் பிறகு அவர் எங்களோடு கதைத்தார், ஆனால் அந்த நாளைப் பற்றி ஒருபோதும் கதைக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

என் பட்டமளிப்புக்கு நானும் அப்பாவும் நீயுமாகப் பேராதனைக்குப் போனது உனக்கு நினைவிருக்கும். நீ ரயில் யன்னலை விட்டு அசையவில்லை. வாடகைக்கு எடுத்த அங்கி என் காலுக்குக் கீழே இழுபட்டது. மன்னாரில் படிப்பித்துக்கொண்டிருந்த பிலோமினா எங்களுக்காக வந்திருந்தாள். விழா முடிந்ததும் என்னைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு ஒரு அறைக்குப் போனாள். உள்ளே நரைத்த ஒரு மனிதர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். அவள் என்னைக் காட்டி, "சேர், இவதான்" என்றாள். அவருக்கு உடனே பிடிபட்டுவிட்டது. கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பி நின்றார். எனக்கு முன்னால் ஒரு பேராசான் எழும்பி நின்றார், மகன்.

"நீங்கள்தானோ ஊர்காவற்றுறை?"

எத்தனையோ வருடமாக அவருக்குச் சொல்லவென்று நான் மனதில் வைத்திருந்ததில் ஒன்றுதான் வாயில் வந்தது.

"ஓம் சேர்," என்றேன். "எல்லாம் விளங்கினது."

அவர் தலையை ஆட்டிவிட்டு மேசையில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார். நாங்கள் வெளியே வந்தோம். உன் அப்பா மகாவலிக் கரையில் உனக்கு எதையோ விளங்கப்படுத்திக்கொண்டு நின்றார்.

இவர்களில் ஒருவரும் எனக்குத் தந்ததைத் திரும்பக் கேட்கவில்லை. கமலா இன்று கிளிநொச்சிப் பக்கம் ஒரு பாடசாலைக்கு அதிபர். பிலோமினா நாலு பிள்ளைகளுக்குத் தாய், இன்னும் கொப்பியைக் கண்டால் உரத்துத்தான் வாசிக்கிறாளாம். நீ போகிற இடம் உண்மையான பல்கலைக்கழகமா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. மண்டபம் இல்லாமலும் அது நடக்கும் என்பது எனக்குத் தெரியும். நீ பிறகு வேறு இடம் போக விரும்பினால் போ. அதைத் தடுக்க நான் இதை எழுதவில்லை. இருக்கும் நாளில் ஒரு பாடத்தையேனும் அரைமனதோடு எழுதாதே. மண்டபத்தில் இருக்கிற மாணவன் விளங்காவிட்டால் முகத்தைச் சுளிப்பான், நீ திருத்திக்கொள்ளலாம். தபாலில் படிக்கிறவருடைய முகம் உனக்குத் தெரியாது. விளங்காவிட்டால் அவர் தன் மூளையைத்தான் குறை சொல்வார், உன் பாடத்தை அல்ல.

முந்தாநாள் பாடசாலை விடும் நேரம் ஒரு இளம் பெண் என்னைத் தேடி வந்தாள். நெடுந்தீவு. பிள்ளையை ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தவள், யாரோ என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். புருஷன் கடலுக்குப் போகிறவராம், அவள் உயர்தரம் வரை படித்தவளாம். புதிய பல்கலைக்கழகத்தைப் பற்றிப் பத்திரிகையில் பார்த்ததாகவும், தீவில் இருந்தபடி படிக்க ஏலுமோ என்றும் கேட்டாள். ஏலும் என்றேன். பாடம் தமிழில் வருமோ என்று கேட்டாள். "வரும். கணிதப் பாடம் என்ர மகன்தான் எழுதப்போறான்" என்று உன்னைக் கேளாமலே சொல்லிவிட்டேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றிவிட்டு, "கணக்கு விட்டுக் கனகாலம், ரீச்சர். மெல்லமாச் சொல்லித் தருவாரோ?" என்றாள்.

அவளுடைய பெயர் இராசமலர்.

அம்மா